உடம்பும் ஸ்தானமும்

1863-ஆம் ஆண்டின் இறுதியில் லண்டன் மாநகரத்து விடுதியொன்றில் கூடிக் கால்பந்தாட்டத்துக்கு விதிகள் வகுத்த கனவான்கள், கோல் கம்பங்கள் இரண்டுக்கும் இடையே 8 கெஜ தூரம் இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். சில ஆண்டுகளுக்குள் கோலின் உயரமும் 8 அடி என்று நிலைபெற்றுவிட்டது. பின்னால் பிறக்கப்போகும் எண்ணிறந்த சிறுவர்களுள் எவன் அந்தக் கம்பங்களுக்கு நடுவே நிற்கத் தக்கவன், எவன் தகாதவன் என்பதையும் சேர்த்தே தீர்மானித்துக்கொண்டிருக்கிறோம் என்ற நினைவு அவர்களுக்கு இருந்திருக்க ஹேது இல்லை. ஆயினும் நடந்தது அதுதான். இன்று உலகத்தின் பெரிய கழகங்களில் கோல் காக்க நிற்பவர்களைப் பார்த்தால், பெல்ஜியத்தின் கூர்த்வா ஏறக்குறைய 2 மீட்டர், இத்தாலியின் டொன்னரும்மா 196 சென்டிமீட்டர் என்று நெடிதுயர்ந்த மனிதர்களாகவே இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னே தடுப்பு வரிசையின் நடுவில் நிற்பவர்களும், எதிரணியின் கோலுக்கு அருகே உயரப் பந்தை எதிர்பார்த்து நிற்கும் முன்கள வீரர்களும் பெரும்பாலும் உயரமானவர்கள். ஓரங்களில் ஓடுகிறவர்களும், நடுக்களத்தில் பந்தை வாங்கிப் பிரித்துக் கொடுக்கிறவர்களும் அவர்களைவிடக் குட்டையானவர்கள். ஒருவனைச் சுவரோரம் நிறுத்தி அளந்து பார்த்தாலே மைதானத்தில் அவன் எங்கே நிற்பான் என்று ஊகித்துவிடலாம் என்று தோன்றும்படியாக இந்த ஒழுங்கு அமைந்திருக்கிறது.

இந்த ஒழுங்கைக் கண்டு வியப்பதோடு நின்றுவிடாமல், அதன் அடியில் கிடக்கும் கேள்வியையும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. ஒருவனுக்கு வாய்த்த சரீரம், அவன் வகிக்க வேண்டிய ஸ்தானத்தை, அவன் ஒரு முயற்சியும் தொடங்குவதற்கு முன்பே அறிவித்துவிடுகிறதா? உயரத்தை எவனும் சம்பாதிப்பதில்லை, இரந்தும் பெறுவதில்லை, தாய் தந்தையர் வழியாக அது வந்து சேர்கிறது, வந்தபின் மாற்றிக்கொள்ள இயலாததாக இருக்கிறது. பிராரப்தம் என்று நம் பெரியோர் பேசியதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான உதாரணம் கிடைப்பது அரிது. திருவள்ளுவர் ஊழுக்கென்று ஓர் அதிகாரம் வகுத்து அதன் வலிமையை ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டினார். பிறகு ஆள்வினையுடைமை என்று மற்றோர் அதிகாரம் வகுத்து முயற்சியின் பெருமையையும் அதே உறுதியோடு நிலைநாட்டினார். இரண்டில் ஒன்றை மற்றொன்றுக்கு அடிமையாக்க அவர் சம்மதிக்கவில்லை. உரையாசிரியர்கள் இரண்டையும் பொருத்திக் காட்டப் பட்ட பாடு நமக்குத் தெரியும். அந்தப் பழைய வழக்கு கால்பந்து மைதானத்திலும் நடந்துகொண்டிருக்கிறது. அங்கே அது கண்ணால் காணவும் எண்ணால் அளக்கவும் கூடிய வடிவத்தில் நடக்கிறது.

முதலில் ஊழின் கட்சியை அதற்குரிய மரியாதையோடு கேட்க வேண்டும். பெனால்டி உதைக்கப்படும் இடம் கோலிலிருந்து 11 மீட்டர். வலுவாக உதைத்த பந்து அந்தத் தூரத்தை ஏறக்குறைய அரை நொடியில் கடந்துவிடுகிறது. அந்த அரை நொடிக்குள் 24 அடி அகலத்தின் எந்த மூலைக்கும் கை போய்ச் சேர வேண்டும் என்றால், கையின் நீளத்துக்கு ஈடாக வேறு எதை வைப்பது? எத்தனை பயிற்சி செய்தாலும் எலும்பு ஒரு விரற்கடை நீளாது. மெக்ஸிகோ தேசத்துக்காக 1994, 1998 ஆகிய ஆண்டுகளின் உலகக் கோப்பைகளில் கோல் காத்த ஹோர்கே கேம்போஸ் 170 சென்டிமீட்டரைத் தாண்டாத உயரம் உள்ளவர். அவர் கோல் கோட்டின் மேல் காத்து நில்லாமல், முன்னே பாய்ந்து வந்து பந்தின் வழியை மறிப்பதையே தம் முறையாகக் கொண்டிருந்தார். முன்கள வீரராகவும் விளையாடிக் கோல்கள் அடித்தவர் ஆதலால், அடிக்க வருகிறவனுடைய மனம் அவருக்கு உள்ளங்கைபோல் தெரிந்திருந்தது. அவருடைய திறமையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆனந்தம் உண்டாகிறது. ஆனால் அவரைக் காட்டி அந்த ஸ்தானத்துக்கு உயரம் அவசியமில்லை என்று வாதிப்பது நேர்மையாகாது. அவருக்குப் பின் அந்த உயரத்தில் உலகக் கோப்பையின் உச்சியில் நின்ற கோல்கீப்பர்களைத் தேடினால் கிடைப்பது கடினம். இங்கே ஊழுக்குரிய பங்கைக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

ஆனால் கோலை விட்டுப் பத்தடி முன்னே வந்தவுடன் வழக்கின் போக்கு மாறிவிடுகிறது. தடுப்பு வரிசையின் நடு ஸ்தானம் உயரமான ஆளுக்கே உரியது என்பது பயிற்சியாளர்கள் அனைவரும் ஓதும் பாடம். அந்த ஸ்தானத்தில் நின்று 2006-ஆம் ஆண்டின் உலகக் கோப்பையை இத்தாலிக்கு வாங்கிக் கொடுத்த தலைவர் ஃபாபியோ கன்னவாரோ, ஏறக்குறைய 175 சென்டிமீட்டர் உயரமே உள்ளவர். உலகத்தின் சிறந்த வீரருக்கு அளிக்கப்படும் தங்கப் பந்து விருதும் அதே ஆண்டில் அவரை வந்தடைந்தது. ஜூலை 4-ஆம் தேதி டார்ட்மண்ட் நகரத்தில், ஜெர்மனியின் சொந்த மண்ணில் நடந்த அரையிறுதி ஆட்டத்தின் கடைசி நிமிஷத்தை நினைத்துப் பார்க்கலாம். மேலதிக நேரமும் முடியும் தறுவாயில் இத்தாலி ஒரு கோல் அடித்துவிட்டது. எப்படியாவது சமன் செய்ய வேண்டும் என்ற ஆவேசத்தில் ஜெர்மானியர்கள் பந்தைப் பெட்டிக்குள் உயரத் தூக்கி அனுப்புகிறார்கள். கன்னவாரோ எழும்பித் தலையால் முட்டி அதை வெளியே தள்ளுகிறார். தள்ளியதோடு அவர் கடமை முடிந்தது என்று நிற்கவில்லை. தரையில் கால் பட்டதும் அந்தப் பந்தின் பின்னாலேயே ஓடி, அதை வாங்கத் திரும்பும் பொடோல்ஸ்கிக்கு முன்னால் புகுந்து மீண்டும் பந்தைப் பறிக்கிறார். அங்கிருந்து அது டொட்டியிடமும் ஜிலார்டினோவிடமும் போய், டெல் பியேரோவின் காலால் இரண்டாவது கோலாக முடிகிறது. ஒரே மூச்சில் இரண்டு முறை அவர் பந்துக்கு முதலில் போய்ச் சேர்ந்ததைக் கவனிக்க வேண்டும். இரண்டாவது முறை உயரத்துக்கு அங்கே வேலையே இல்லை. முதல் முறையிலும் உயரம் செய்ததைவிட, பந்து எங்கே இறங்கும் என்பதைப் பக்கத்திலிருந்தவர்களுக்கு ஒரு கணம் முன்னதாக அறிந்த அறிவு செய்ததே அதிகம். தலையால் முட்டுவது என்பது ஓர் இடத்தில் ஒரு கணத்தில் நிகழும் சந்திப்பு. அந்த இடத்துக்குத் தக்க கணத்தில் ஓடி வந்து எழும்புகிறவனுக்கு, நின்ற இடத்திலிருந்து தாமதமாக எழும்பும் நெடியவன் பல சமயங்களில் தோற்றுப்போகிறான்.

இந்த இடத்தில் சைவ சித்தாந்திகள் செய்த ஒரு பாகுபாடு எனக்குப் பெரிதும் துணை செய்கிறது. உயிருக்கு இறைவன் கூட்டுவிப்பவற்றைத் தனு, கரணம், புவனம், போகம் என்று நான்காக அவர்கள் வகுத்தார்கள்: புறத்தே காணும் உடம்பு ஒன்று; மனம், புத்தி முதலான உட்கருவிகள் ஒன்று; அவ்வுடம்பு வாழ்வதற்கு இடமாகிய உலகம் ஒன்று; அங்கே நேரும் அனுபவம் ஒன்று. இவை நான்கும் மாயையிலிருந்து தோன்றியவையே என்றாலும், ஆணவ இருளில் கிடக்கும் உயிருக்கு விடியும் வரையில் வழி காட்ட ஏற்றிய விளக்காக இவற்றை அவர்கள் கண்டார்களேயன்றிச் சிறையாகக் கண்டார்களில்லை. அளவுகோல் அளப்பது தனுவை மட்டுமே. கன்னவாரோவின் கரணம் அளவுகோலுக்கு அகப்படுவதன்று. அவர் எதிரே கண்ட முன்கள வீரர்களின் தந்திரங்கள் நாளடைவில் அவருக்குள்ளே அனுபவமாகப் படிந்து கிடந்ததும் அகப்படுவதன்று. ஒருவனுடைய ஸ்தானம் இந்த நான்கின் கூட்டத்தால் பிறப்பது. அதை ஒன்றிலிருந்து மட்டும் வாசிக்க முயல்கிறவன் ஓலைச்சுவடியின் முதல் ஏட்டைப் பார்த்துவிட்டு நூலின் முடிவைச் சொல்லத் துணிகிறான்.

புவனம் என்பதைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் ஸ்தானங்கள் இயற்கையில் என்றென்றும் இருப்பவை என்ற மயக்கம் இங்கேதான் கலைகிறது. 1925-ஆம் ஆண்டு வரையில் ஆஃப்சைடு விதியின்படி, பந்து தன்னிடம் உதைக்கப்படும்போது முன்னேறி நிற்பவனுக்கும் கோலுக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருந்தாக வேண்டும். அந்த ஆண்டில் மூவர் என்பது இருவர் என்று திருத்தப்பட்டது. ஓர் எண் மாறியதுதான். அதற்கு முன்பு நடு ஹாஃப் என்று பெயர் பெற்றவன் மைதானத்தின் மத்தியில் சுதந்திரமாகச் சஞ்சரித்து, தாக்குவதிலும் தடுப்பதிலும் சமமாகக் கலந்துகொண்டு, ஆட்டத்துக்கே மூளையாக இருந்தவன். விதி மாறியதும் முன்கள வீரர்களுக்கு வழி திறந்துவிட்டது. அதே ஆண்டில் ஆர்சனல் கழகத்தின் பொறுப்பை ஏற்ற ஹெர்பர்ட் சாப்மன், வழியை அடைப்பதற்காக நடு ஹாஃபைப் பின்னுக்கு இழுத்து இரண்டு பேக்குகளுக்கு நடுவே நிறுத்தினார். பின்னர் அந்த இடத்தில் நிலைத்தவர் ஹெர்பி ராபர்ட்ஸ் என்ற உயரமான மனிதர். பந்தைத் தடுப்பதும் தலையால் முட்டி அனுப்புவதும் தவிர அவரிடம் வேறொன்றும் எதிர்பார்க்கப்படவில்லை. பெயர் அதே பெயர். தர்மம் முற்றிலும் வேறு. 1924-இல் மைதானத்தின் மத்தியில் ஆட்டத்தை நடத்திய சாதுரியமான ஒரு குட்டை மனிதனுக்கு 1926-இல் அந்த ஸ்தானத்தில் வேலை இல்லை. அவன் உடம்பு ஒரு மயிரிழையும் மாறவில்லை; சுற்றியிருந்த உலகம் மாறிவிட்டது.

இதற்கு முற்பட்ட காலத்தையும் பார்க்கலாம். 1899, 1902 ஆகிய ஆண்டுகளில் ஷெஃபீல்ட் யுனைடெட் கழகத்தார் ஆங்கிலக் கோப்பையை வென்றபோது அவர்களுக்குக் கோல் காத்த ஃபௌக் என்பவர், பின்னாளில் 130 கிலோவுக்கும் மேற்பட்ட எடையோடு விளையாடியவர். கோல்கீப்பரைத் தோளால் மோதி வலைக்குள் தள்ளுவதற்கு அக்காலத்து விதிகள் இடம் கொடுத்ததால், பருமனே அவருக்கு அரணாயிற்று. அப்படி மோதுவதற்கு இன்று அனுமதி இல்லை. மேலும் 1992 முதல், தன் அணியினன் வேண்டுமென்றே காலால் தட்டி அனுப்பிய பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்று ஆகிவிட்டபடியால், கையும் உயரமும் மட்டும் போதுமென்றிருந்தவர்கள் கால்வித்தையையும் கற்க நேர்ந்தது. எந்த லட்சணம் உத்தமம், எது ஊனம் என்பதை உடம்பு தானாகச் சொல்வதில்லை. மனிதர்கள் எழுதிய விதிகளோடு சேர்ந்துதான் சொல்கிறது. பார்சிலோனா கழகத்தில் யோஹான் க்ரைஃப் 1988-க்குப் பின் பயிற்சியாளராக இருந்து, பந்தைத் தரையில் வைத்துக் கைமாற்றிக்கொண்டே போகும் முறையை வேரூன்றச் செய்ததன் பயனாக, அங்கே சிறிய உடம்புகளுக்கு உகந்த ஓர் உலகம் அமைந்தது. 2010-ஆம் ஆண்டில் தங்கப் பந்து விருதுக்கு முதல் மூன்று இடங்களில் வந்த மெஸ்ஸி, இனியெஸ்டா, ஷாவி மூவரும் அந்தக் கழகத்தின் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்தவர்கள். மூவரும் 170 சென்டிமீட்டரை ஒட்டிய உயரம் உள்ளவர்கள்.

நான் இவ்வளவு தூரம் இதை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பகவத் கீதை, குறையுள்ளதாயினும் தனக்குரிய தர்மமே சிறந்தது என்று சுவதர்மத்தை உயர்த்திப் பேசுகிறது. அந்த உபதேசம் மனிதனைத் தன் உள்ளத்தின் இயல்புக்கு உண்மையாக இருக்கச் சொல்கிறது என்று நான் நம்புகிறேன். ஆனால் பிறப்பைப் பார்த்துத் தொழிலை விதிப்பதற்கும், ஒருவன் எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பிறர் அவன் தொட்டிலிலேயே எழுதிவைப்பதற்கும் அதே உபதேசத்தை ஆதாரமாக்கிய கொடுமையை இந்த நாடு நெடுங்காலம் அனுபவித்திருக்கிறது. பன்னிரண்டு வயதுச் சிறுவனை அளந்து பார்த்து, உனக்கு இந்த ஸ்தானம்தான், அல்லது உனக்கு எந்த ஸ்தானமும் இல்லை என்று சொல்கிற தேர்வாளர், தமக்குத் தெரியாமலே அந்தக் கொடுமையின் ஒரு சிறு பிரதியைச் செய்கிறார். கால்பந்தாட்டத்தின் சரித்திரத்தில் அது சிறு பிரதியாக மட்டும் நின்றுவிடவும் இல்லை. 1950-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் தேதி மரக்கானா அரங்கத்தில் உருகுவே நாட்டின் கிஜ்ஜா அடித்த பந்து கோலுக்குள் புகுந்து பிரேசில் தோற்றபோது, பழி முழுவதும் கோல்கீப்பர் பார்போசாவின் தலையில் விழுந்தது. அவர் கறுப்பர். அந்தத் தோல்வியை ஐம்பது ஆண்டுகள், 2000-ஆம் ஆண்டில் கண் மூடும் வரையில், அவர் சுமந்தார். கறுப்பு மனிதன் அந்த ஸ்தானத்துக்கு ஏற்றவனல்லன் என்ற இழிவான பேச்சும் அந்தத் தேசத்தில் நெடுநாள் உலவியது. தோலிலிருந்து ஸ்தானத்தை வாசிப்பதும் உயரத்திலிருந்து ஸ்தானத்தை வாசிப்பதும் ஒரே தராசில் நிறுக்கத் தக்கவையல்ல. முன்னது பாபம், பின்னது பெரும்பாலும் அவசரம். ஆயினும் இரண்டிலும் ஒருவன் என்ன செய்கிறான் என்று பார்ப்பதற்கு முன்பே அவன் யார் என்று முடிவு கட்டிவிடும் அதே பழக்கம் இருக்கிறது.

இந்தப் பழக்கம் நெடியவர்களையும் விடுவதில்லை. இங்கிலாந்தின் பீட்டர் கிரவுச் 201 சென்டிமீட்டர் உயரம் உள்ளவர். அவரைக் கண்டவர்களெல்லாம் பந்தை அவர் தலைக்கு அனுப்புவதே முறை என்று நினைத்தார்கள். அவருடைய கால்கள் நுட்பமானவை. 2006-இல் லிவர்பூலுக்காக, கலாட்டசராய் அணிக்கு எதிராக, அந்தரத்தில் கிடந்தபடி கத்திரிபோல் காலை வீசி அவர் அடித்த கோல் எந்தச் சிறிய வித்தகனுக்கும் பெருமை சேர்ப்பது. தேசத்துக்காக 42 ஆட்டங்களில் 22 கோல்கள் அடித்தும், உயரத்தைத் தவிர அவரிடம் வேறொன்றைக் காண மனமில்லாதவர்கள் கடைசி வரையில் இருந்தார்கள்.

பிரேசிலின் காரிஞ்சாவை நினைக்காமல் இந்த விஷயத்தைப் பேச எனக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டு கால்களும் ஒரே பக்கமாக வளைந்து, ஒன்று மற்றதைவிடச் சில சென்டிமீட்டர் குறைந்து பிறந்தவர் அவர். உடற்கூற்றின்படி பார்த்தால் ஓடுவதற்கே தகுதியற்ற உடம்பு என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் வலது ஓரத்தில் பந்தோடு நிற்பார். எதிரே நிற்கும் தடுப்பாட்டக்காரனுக்கு அவர் வலப்புறமாகத்தான் போவார் என்று தெரியும். அரங்கத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். அவர் இடப்புறமாக உடம்பை ஒருமுறை சாய்ப்பார். நேரான கால் உடையவன் சாய்வதற்கும், வளைந்த கால் உடையவன் சாய்வதற்கும் எடை மாறும் விதம் வேறு. எதிரி தன் அனுபவத்திலிருந்து கற்ற கணக்கு பொய்த்துப் போகும். காரிஞ்சா வலப்புறமாகவே போய்விடுவார். 1958-இல் ஸ்வீடனிலும், பெலே காயமுற்று விலகிய பின் 1962-இல் சிலியிலும், பிரேசில் உலகக் கோப்பையை ஏந்தியதில் அவருடைய அந்தக் கால்களின் பங்கு பெரிது. ஊனம் என்று உலகம் பெயரிட்டதையே அவர் தம் வித்தையின் மூலதனமாக்கினார் என்று சொல்லி மகிழும்போது, மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது: மூட்டுகள் தேய்ந்து நொந்தன, குடி அவரைப் பற்றிக்கொண்டது, 1983-இல், ஐம்பது வயது நிறைவதற்குள் அவர் இறந்துபோனார். முயற்சி ஊழை வென்றது என்று கொடி நாட்டுவதற்கு அவர் வாழ்க்கை இடம் தராது. ஊழ் வைத்த இடத்திலிருந்தே அவர் ஊழ் நினையாத ஒன்றைச் செய்தார் என்ற அளவிலேதான் எனக்குப் பேச உரிமை உண்டு.

மெஸ்ஸியின் கதை இந்த வழக்கில் மூன்றாவது சாட்சியைக் கூண்டில் ஏற்றுகிறது. அர்ஜென்டினாவின் ரோசாரியோ நகரத்தில் பிறந்த அந்தச் சிறுவனுக்கு வளர்ச்சிச் சுரப்பு போதாமல் இருப்பதாக மருத்துவர்கள் கண்டார்கள். நாள்தோறும் ஊசி போட வேண்டும். அந்தக் குடும்பத்தால் தாங்க முடியாத செலவு. 2000-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் தேதி, பார்சிலோனா கழகத்தின் பொறுப்பாளர் ரெக்சாக், கைக்குக் கிடைத்த ஒரு காகிதக் கைக்குட்டையில் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட்டார். கழகம் சிகிச்சையின் பொறுப்பை ஏற்றது. கழகத்துக்கு அதில் லாபக் கணக்கு இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மாற்ற முடியாதது என்று நாம் எண்ணிய சரீரம் இங்கே பிறர் உதவியால் வளர்ந்தது. ஊழும் முயற்சியும் என்று இரண்டையே எண்ணிக்கொண்டிருந்த நமக்கு, ஒருவன் மேல் இன்னொருவன் வைக்கும் நம்பிக்கை என்ற மற்றொன்றும் புலப்படுகிறது.

வளர்ந்தும் அவர் 170 சென்டிமீட்டர்தான். 2009-ஆம் ஆண்டு மே 27-ஆம் தேதி ரோமாபுரியில், ஐரோப்பியக் கழகங்களின் இறுதி ஆட்டத்தில், 70-ஆவது நிமிஷத்தில், வலப்புறத்திலிருந்து ஷாவி பந்தை உயர்த்தி அனுப்பினார். மான்செஸ்டர் யுனைடெட்டின் ஃபெர்டினாண்ட் முன்னால் நிற்க, அவர் பார்வைக்கு எட்டாத பின்புறத்தில் மெஸ்ஸி ஒதுங்கியிருந்தார். பந்து ஃபெர்டினாண்டைக் கடந்தபோது மெஸ்ஸி எழும்பி, முதுகை வில்லாக வளைத்துப் பின்னோக்கிச் சாய்ந்தபடியே தலையால் தொட்டார். 197 சென்டிமீட்டர் உயரமுள்ள கோல்கீப்பர் வான் டெர் சாரின் தலைக்கு மேலே மெல்ல வளைந்து அது கோலின் மறு மூலையில் இறங்கியது. எழும்பிய வேகத்தில் காலணி ஒன்று கழன்றுபோக, அதைக் கையில் எடுத்து முத்தமிட்டுக்கொண்டே அவர் ஓடினார். அந்த மைதானத்தில் ஆகச் சிறிய மனிதர்களுள் ஒருவர், ஆக உயர்ந்தவர்களுக்கு நடுவே, உயரத்துக்கே உரியது என்று ஒதுக்கப்பட்ட செயலைச் செய்தார்.

மெஸ்ஸி கண்டெடுக்கப்பட்டார், கண்டெடுக்கப்படாதவர்களே என்னை அதிகம் வருத்துகிறார்கள். சிறுவர்களை ஆண்டுக் கணக்கில் பிரித்துத் தேர்ந்தெடுக்கும் தேசங்களிலெல்லாம், அந்தத் தேர்வாண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் மிகுதியாகவும், கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் குறைவாகவும் பயிற்சிப் பள்ளிகளில் இடம்பெறுகிறார்கள் என்பதை ஆராய்ச்சியாளர்கள் மீண்டும் மீண்டும் கண்டிருக்கிறார்கள். பதினோரு மாதம் முன்னே பிறந்தவன் அந்த வயதில் பெரும்பாலும் சற்று உயரம் கூடியிருப்பான். அதையே திறமை என்று தேர்வாளரின் கண் எடுத்துக்கொள்கிறது. மற்றவனோ, சற்றுப் பொறுத்திருந்தால் வளர்ந்திருக்கக் கூடியவன், அதற்குள் வீட்டுக்கு அனுப்பப்பட்டுவிடுகிறான். அவனிடம் போய் இது உன் பிராரப்தம் என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. அவன் வினை அவனை அனுப்பவில்லை, நாள்காட்டியில் ஒரு தேதியைக் குறித்த மனிதர்கள் அனுப்பினார்கள். தாங்கள் எழுதிய விதியின் பயனைத் தெய்வத்தின் கணக்கில் எழுதுவது, சமயத்தின் பெயரால் நடக்கும் பொய்களுள் மிகவும் பழையது.

இங்கிலாந்தின் சில பயிற்சிப் பள்ளிகள் அண்மைக் காலத்தில் வேறொரு வழியைப் பரீட்சித்துப் பார்க்கின்றன. பிறந்த தேதியை விட்டுவிட்டு, உடம்பு எந்த அளவுக்கு முதிர்ந்திருக்கிறது என்பதைக் கணித்து, அதற்கேற்பச் சிறுவர்களைச் சேர்த்து ஆடவைக்கிறார்கள். அத்தகைய ஆட்டங்களில், வளர்ச்சி தாமதப்பட்ட சிறுவன் தன்னை ஒத்த உடம்புகளுக்கு நடுவே நின்று, தள்ளுண்டு விழாமல், பந்தைக் காலடியில் நிறுத்தி நாலு பக்கமும் பார்க்க அவகாசம் பெறுகிறான். முந்தி வளர்ந்தவனோ, தன்னைப் போன்ற வலிமை உடைய மூத்தவர்களுக்கு எதிரே தோள்பலம் செல்லாமற்போக, எப்போது கொடுப்பது, எங்கே நகர்வது என்று முதன்முறையாக யோசிக்க வேண்டியவனாகிறான். எந்தச் சிறுவன் எந்த ஸ்தானத்துக்கு உரியவன் என்று அப்போதும் ஒருவர் முடிவு செய்யத்தான் வேண்டும். ஆனால் அவன் விளையாடியதைப் பார்த்த பிறகு செய்வார்.